இதர

ஒரு படத்துக்கு நாற்பது ரூபாய்.
கல்யாணம் இல்லாத ஆடி மாதம்,
பழையபேட்டை ஸ்டுடியோவை மூடிவிட்டு வந்திருக்கிறேன்.
கம்பெனிக்குப் போகும் நிலத்தில்
என்னென்ன நிற்கிறதோ எல்லாவற்றையும்
எண் எழுதிய சிலேட்டோடு எடுத்துத் தரவேண்டும்.
தென்னை, மா, மாட்டுக்கொட்டகை,
போர்வெல், அதன் மோட்டார்,
ஒரு சமாதி.

சிலேட்டைப் பிடிப்பவர் சர்வேயர் இருதயராஜ்.
ஊழியர் முகம் விழக்கூடாது என்று விதி.
எல்லாப் படத்திலும் கழுத்தோடு முடிந்துவிடுகிறார்.
நாலு நாளில் அவருடைய சட்டைகள்
எனக்குப் பாடமாகிவிட்டன.

நூற்று முப்பத்தேழு:
சூளகிரி ரோட்டிலிருந்து இறங்கி,
ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்மேல்
திம்மக்காவின் தண்ணீர் மில்.
வேங்கை மரச் சக்கரம், பதினாறு பலகை,
உள்ளே ஒரு ஜோடிக் கல்.
கடைசியாக ராகி அரைத்தது எப்போது?
"போன வாரம்" என்றாள்.
பலகை இடுக்கில் ஓர் ஆலங்கன்று
இடுப்புயரம் வளர்ந்திருந்தது,
போன வாரத்திலிருந்து.

மில்லுக்குப் படிவத்தில் கட்டம் உண்டு,
அதில் மின் இணைப்பு எண் கேட்கிறது.
சக்கரத்துக்குக் கட்டம் இல்லை.
கடைசியில் "இதர" என்று
கட்டைவிரல் அகலத்தில் ஓர் இடம்.
ஓடுகிற மில் என்றால் ஒரு தொகை.
நின்ற மில் என்றால்
மரத்துக்கு விறகு விலை, கல்லுக்குக் கல் விலை.

திம்மக்கா உள்ளே போய்க் கொடுவாளோடு வந்தாள்.
இருதயராஜ் ஓரடி பின்வாங்கினார்.
ஒரே வெட்டு.
ஆலங்கன்று வாய்க்காலில் போனது.
தம்பி கோபண்ணாவைக் கூப்பிட்டாள்,
பக்கத்து ரோஜாக் குடிலிலிருந்து
இரண்டு பையன்களையும்.

வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவு.
அதன்மேல் நுரை ஆள் உயரம்.
பெங்களூர் குளித்து, துவைத்து, அனுப்பிய நுரை
சக்கரத்தின் பாதியை மூடிக்கொண்டு
காற்றுக்கு நடுங்கியது.
அதற்குள் இறங்கித் தள்ளினார்கள்.
அச்சு போட்ட சத்தத்தில்
எதிர்க்கரை எருமை மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.
"ஓடுதா? ஓடுற மாதிரி எடும்மா."

லென்ஸில் கறுப்புக் கண்ணாடி மாட்டி
அரை நொடி திறந்து வைத்தேன்.
ஒகேனக்கல்லில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால்
அருவியைப் பட்டாக்குவது இப்படித்தான்.
திரையில் சக்கரம் கரைந்து சுழன்றது.
தள்ளியவர்களும் கரைந்து
இல்லாமலே போனார்கள்.
திம்மக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

இருதயராஜ் சிரிக்கவில்லை.
"கலங்கிக் கெடக்கு.
ஆபீஸ்ல திருப்பிடுவாங்க. தெளிவா ஒண்ணு."

தெளிவாக எடுத்தேன்,
நொடியை ஐந்நூறாக நறுக்கி.
ஓடிக்கொண்டிருந்த சக்கரம் படத்தில் நின்றுவிட்டது.
ஆணித் தலைகள், பலகையின் வெடிப்பு,
கோபண்ணாவின் முழங்கை நரம்பு,
தரையிறங்காத நுரைப் பொட்டு ஒன்று.
மூன்று பேரும் சேர்ந்து
ஓடாதே என்று அதைப் பிடித்து நிறுத்துவதுபோல் இருந்தது.

ஓடுவதைக் காட்டினால் தெளிவில்லை.
தெளிவாய்க் காட்டினால் ஓடவில்லை.
இதைச் சர்வேயருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது
பையன்கள் கைவிட்டுக் கரையேறிவிட்டார்கள்.
சக்கரம் அவர்களைக் கவனிக்காமல்
இன்னும் ஒன்றரைச் சுற்று போனது.
உள்ளே கல் புரண்டது.
தகர வாய் வழியாக
ஒரு பிடி ஏதோ விழுந்தது.

திம்மக்கா உள்ளங்கையில் ஏந்தி வந்தாள்.
எலிப்புழுக்கை, உமி, கல் தேய்ந்த பொடி.
"மாவு" என்றாள், கண் சிமிட்டாமல்.

இருதயராஜ் சிலேட்டை அக்குளில் இடுக்கினார்.
குனிந்தார்.
ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.
நான் அமுக்கிவிட்டேன்.

"ராகிதான்" என்றார்.
"இதர"வில் என்னவோ எழுதினார்.
நான் நின்ற இடத்திலிருந்து
அவருடைய கட்டைவிரல்தான் தெரிந்தது.

அந்தப் படத்தில் எண் பாதி மறைந்திருக்கிறது.
முகம் முழுசாக விழுந்திருக்கிறது,
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.
கட்டாயம் திருப்பிவிடுவார்கள்.

அடுத்தது நூற்று முப்பத்தெட்டு.
புளியமரம்.
எந்த வேகத்தில் எடுத்தாலும்
நிற்கும்.