முன்சில்லு

விழுந்தது ஒக்டோபர் பதினொன்று, விடிய ஐந்து பத்து.
துறைமுகப் பக்கம், ஒரு ரயிலும் ஓடாத பழைய தண்டவாளத்துக்குள்
முன்சில்லு ஒரு கணம் இறங்கிப் பார்த்தது.
பிறகு நான் கல்லில் கிடந்தேன்.
சாப்பாட்டுப் பெட்டி மட்டும்
எனக்கு முன்னால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு தேசப்படம்.
"பஸ்ஸுக்கு மாதச்சீட்டு எடுமன்" என்றார் நவநீதன்.
முதல் பஸ் ஐந்து நாற்பதுக்கு.
முதியோர் இல்லத்தில் ஐந்தரைக்கே
அறுபத்தெட்டுப் பேரின் கோப்பிக்குத் தண்ணி கொதிக்க வேண்டும்.

சம்பளம் வந்த சனிக்கிழமை ஃப்ராவ்கேயின் கடைக்குப் போனேன்.
சுவரெல்லாம் ரயர்,
கொளுவியில் தொங்கும் கறுப்பு முறுக்குகள்.
முடிவோடுதான் போயிருந்தேன்:
உழவு இயந்திரத்தின் சில்லு மாதிரி
பள்ளம் பள்ளமாய் வெட்டினது ஒன்று தாருங்கோ,
மழை அதற்குள்ளால் ஓடிவிடும்.

அவள் சிரிக்கவில்லை.
"அது காருக்கு. நீ கார் இல்லை.
இந்த ஒடுக்கத்துக்கும் உன் வேகத்துக்கும்
தண்ணீர் தானாய் விலகும்.
ஈரத் தெருவைப் பிடிப்பது பள்ளமில்லை, றப்பர்."
என் பெருவிரலைப் பிடித்து ஒரு ரயரில் அழுத்தினாள்,
பிறகு இன்னொன்றில்.
முதலாவது, கடன் கேட்கப் போன வீட்டுக் கதவு.
மற்றது விரலைக் கொஞ்சம் உள்ளே எடுத்தது,
ரொட்டிக்குக் குழைத்த மா போல.

"சரி, உன் பாதையைச் சொல்."

எங்கிருந்து வந்தாய் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.
எதன் மேலே போகிறாய் என்று
இவள்தான் முதல்.

வாசலில் சதுரக்கல், மழையில் சவர்க்காரம் பூசிய பல்வரிசை.
பிறகு சிவப்புச் சைக்கிள் பாதை,
அதில் சிவப்பை நம்பலாம், வெள்ளைக்கோட்டை நம்பக்கூடாது.
ஊரைச் சுற்றி லிண்டன் மரங்கள்,
இலை இப்போது உதிரும், அடுத்த மாதம் கூழாகும்.
கால்வாய்க் கரையில் மூன்று கிலோமீற்றர் பொடிக்கல்.
குழிக்குள் நிற்கும் தண்ணிக்கு எவ்வளவு ஆழமென்று
சில்லு இறங்கினால்தான் தெரியும்.
பாசி பிடித்த பலகைப் பாலம்.
கடைசியில் அந்தத் தண்டவாளம்.

பள்ளியில் ஐந்து திணை படித்தேன்.
இங்கே ஒன்பது கிலோமீற்றருக்குள் ஆறு.

அவள் குனிந்து, மட்கார்டுக்கும் சில்லுக்கும் நடுவே
பென்சிலை விட்டுப் பார்த்தாள்.
"நாற்பது போகாது. முப்பத்தேழு.
நடுவில் வழவழப்பு, ஓரத்தில் சின்னப் பல்,
பொடிக்கல்லுக்கு அது காணும்.
காற்றைக் கல்லுப்போல அடிக்காதே, கொஞ்சம் விட்டுக்கொடு.
தண்டவாளத்துக்கு மட்டும் என்னிடம் ரயர் இல்லை.
நேர் குறுக்கே ஏறு."

ஒன்று நாற்பத்திரண்டு யூரோ.
பேர்சில் ஐம்பத்தைந்து,
அதில் பாணும் பாலும் பிள்ளையின் வர்ணப் பென்சிலும்.
"ஒன்று" என்றேன்.
"முன்னுக்கு" என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
பின்சில்லு வழுக்கினால் இடுப்பால் சமாளிக்கலாம்.
முன்சில்லு வழுக்கினால்
வழுக்கினது என்று தெரியவே நேரமில்லை.

மியூன்ஸ்டரில் ஒன்று மழை பெய்யும்,
இல்லாவிட்டால் கோவில் மணி அடிக்கும் என்பார்கள்.
இரண்டும் சேர்ந்தால் ஞாயிறாம்.
திங்கள் விடிய மழை மட்டும்.

கூழ் இலையில் மெதுவாய், பாலத்தில் பிரேக் தொடாமல்,
பொடிக்கல்லில் புது ரயர் சருசருவென்று ஏதோ மென்றுகொண்டே வந்தது.
தண்டவாளத்துக்கு முன்னால்
ஹாண்டிலை அகல வெட்டி,
சண்டைக்குப் போகிறவள் மாதிரி நேருக்கு நேர்.
முன்சில்லு கடந்தது.
பழைய பின்சில்லு கொஞ்சம் இழுபட்டு, முணுமுணுத்து,
பிறகு அதுவும் வந்தது.

ஐந்து இருபத்தாறு.
கையுறை பிழிந்து ஹீற்றரில் போட்டுவிட்டுத் தண்ணி வைக்கிறேன்.
டிசம்பர்ச் சம்பளத்தில் பின்னுக்கு.