மூன்றாவது கோடு

தை பத்து. பெய்யக்கூடாத மழை.
மன்னார்குடியில் உரக்கடைக்கு மேலே
யூரியா வாடை ஏறிவரும் அறையில்
கைப்பேசி அடித்தது.

"ஏம்மா, டோக்கன் தளம் எழுதுனது நீதானாமே.
எடமேலையூரு வைரக்கண்ணு பேசுறேன்.
என் நெல்ல எடை போட்டாச்சுங்குது உன் கம்ப்யூட்டரு.
அந்த நெல்லு மேல உக்காந்துதான் பேசுறேன்."

நூறு மூட்டைக்கான குவியல்.
ஒரு தார்ப்பாய், அதிலும் நடுவில் கிழிசல்.
திரை சொன்னதை நம்பிய நிலையத்து ஆட்கள்
மூன்று நாளாக அவரைத்
தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

அவர் டோக்கன் 12E2.
பன்னிரண்டாம் தொகுதி, எடமேலையூருக்கு E, இரண்டாவது ஆள்.
இந்த அழகான ஏற்பாட்டை வகுத்தவளும் நான்தான்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
எடை போட்டது நிஜம். பணம் ஏறியதும் நிஜம்.
ஆனால் அது 1200,
வடுவூர் பிலோமினாளின் டோக்கன்.
அவள் நெல் இந்நேரம் அரிசியாகியிருக்கும்.
அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இரண்டு கோடு போட்டு
இதுவும் அதுவும் ஒன்றா என்று கேட்டால்
பிஎச்பி முகதாட்சணியம் பார்க்கும்.
எழுத்தாக வந்ததை எண்ணாக்கிப் பார்க்கும்.
நடுவில் E தென்பட்டால்
பத்தின் அடுக்கென்று அதுவாக முடிவுகட்டும்.
பன்னிரண்டுக்குப் பின் இரண்டு சுழி:
ஆயிரத்து இருநூறு.
ஆமாம் ஆமாம், ஒண்ணுதான் என்று
பந்தியில் தலையாட்டும் உறவினர் மாதிரி
சொல்லிவிட்டு இலையைப் பார்க்கும்.

=== என்று எழுதியிருந்தால்
எழுத்தை எழுத்தாகவே வைத்துப் பார்த்திருக்கும்.
ஒரே ஒரு கோடு.

இந்த வரியை எந்தப் பாவி எழுதியது என்று
கிட்டைக் கேட்டேன்.
ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை,
மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.
ஹசீனா, கூத்தாநல்லூர்.
கூடவே என் கைப்பட ஒரு குறிப்பு:
"இப்போதைக்கு இது போதும்."

ஆறு மணிக்கு எனக்கு பஸ் இருந்தது.

கோப்புக்குள் இறங்கினேன்.
எண்ணூறு வரியில் ஒரே ஃபங்ஷன்,
மடையே வைக்காத வாய்க்கால்.
எங்கே உடைத்தாலும் எல்லார் வயலிலும் பாயும்.
மாறிகளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை நான்.
தற்காலிகம். தற்காலிகம் இரண்டு.
சோதனை என்று ஒன்றும் இல்லை.

அந்தக் கோட்டைப் போட்டுவிடக் கை துடித்தது.
போடவில்லை.
முதலில் சோதனையை எழுதினேன்.
அதற்குப் பெயரும் ஒழுங்காக வைத்தேன்:
வைரக்கண்ணு வேறு, பிலோமினாள் வேறு.
ஓட்டினேன். சிவப்பு.
ஏழு வருடத்துக்கு முன்பே சிவந்திருக்க வேண்டியது.
பிறகுதான் கோடு.
ஓட்டினேன். பச்சை.

அதே இரட்டைக் கோடு
இன்னும் நாற்பத்தோரு இடத்தில் இருந்தது.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனேன்.
யாரும் வரச் சொல்லவில்லை.

"என்னம்மா தப்பு?"
"ஒரு கோடு குறைஞ்சு போச்சுங்க."
அவர் சிரிக்கவில்லை.
"ஒரு வரப்புக்குப் பதினோரு வருசம்
கோர்ட்டுக்கு நடந்தவன் நான்.
எனக்குத் தெரியாதா கோடு."

தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.
வெளுத்த முளைகள்.
நுனியில் பச்சை.

இன்று அவரை முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள்.
என் நிரல் சரியாக வேலை செய்தது.
ஈரமானி இருபத்துமூன்று காட்டியது.
பதினேழு இருந்தால்தான் எடுப்பார்கள்.
அங்கே திருத்த எனக்கு ஒரு வரியும் இல்லை.

அவரும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து
நெல்லை வெயிலுக்கு இழுத்தோம்.
பாதி காய்வதற்குள் மேகம்.

மாலை ஐந்தரைக்கு உரக்கடை மாடி.
நாற்பத்தொன்றில் ஒன்பது முடிந்திருக்கிறது,
ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை.
வெள்ளிக்கிழமைதான் இன்றும்.

ஆறு மணி பஸ் ஹாரன் அடிக்கிறது.
போகட்டும்.