உபயம்

கந்திகுப்பம் கோவிலில்
இடப்பக்கம் மூன்றாவது விசிறி
நான் கொடுத்தது.
இறக்கையில் எழுதியிருக்கும்:
உபயம், சூ. தைரியநாதன், மாங்காய் மண்டி.
சின்ன எழுத்து போதும் என்றேன்.
வாசல் வளைவில் ஆளுயரத்துக்கு எழுதிக்கொண்ட
காண்ட்ராக்டர் மாதிரியா நான்?
சுற்றும்போது தெரியாது சாமி என்று
சாமியாரிடம் சொன்னதும் நானேதான்.

இந்த வைகாசியில் நன்றிப் பூசை.
பிரசங்கத்தின் நடுவே கரண்டு போனது.
விசிறி தளர்ந்து தளர்ந்து
காற்று நின்றது.
பெயர் வந்தது.

அதற்கு நேர் கீழே சந்தனமேரி.
தன் முகத்து வேர்வையை விட்டுவிட்டு
மடியில் கிடந்த பிள்ளைக்கு
முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை குட்டியானையில்
ஒன்பது குவிண்டால் பெங்களூரா கொண்டுவந்தாள்.
நூற்றுக்கு எட்டுக் கிலோ கழிவு போட்டேன்.
அழுகல் இரண்டு காய்கூட இல்லை.
எல்லா மண்டியிலும் போடுகிற கழிவுதான்.

பாவசங்கீர்த்தனத்தில்
கோபத்தைச் சொல்லியிருக்கிறேன்,
தபசுகால வெள்ளியில் தின்ற கறியைச் சொல்லியிருக்கிறேன்,
தராசைச் சொன்னதில்லை.
மறைத்ததாக நினைவில்லை.
மறந்திருந்தேன்,
அவ்வளவு கவனமாக.

"கூழ் ஃபேக்டரியில லாரியத் திருப்பி அனுப்புற வருசம்,
நீயாவது எடுத்தியேண்ணா,
ஆண்டவர் ஒன்னக் கொறையில்லாம வெக்கணும்"
என்றவள்
நோட்டுகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.
எண்ணவில்லை.

எனக்காக ஒருத்தி வேண்டிக்கொண்டதன் எடை
எழுபத்திரண்டு கிலோ.

சாயங்காலம் உபதேசியாரிடம் ஏணி வாங்கி
பெயரைச் சுரண்டினேன்.
பெயிண்ட் பொடி கண்ணில் விழுந்து
தண்ணீராய்க் கொட்டியது.
பொடியாலா வேறெதாலா என்று
என்னைக் கேட்காதீர்கள்.
எனக்குச் சாதகமாகத்தான் சொல்வேன்.

'உபயம்' போய், 'தைரிய' போய்,
'நாதன்' மட்டும் மிச்சமிருக்கையில்
கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்,
யாராவது பார்க்கிறார்களா என்று.

யாருமில்லை.
ஏமாற்றமாக இருந்தது, ஆண்டவரே.

அவள் வீட்டுக்குப் போகவேண்டும்.
பகலில் போனால்
நல்லவன் என்பார்கள்.
இருட்டில் போனால்
நானே சொல்லிக்கொள்வேன்.

கிலோ ஆறு ரூபாய்.
நானூற்று முப்பத்திரண்டு.
சில்லறை இருக்கிறது.