கேள்வி பதினேழு

பிரகான்சா மருத்துவமனை, மனநலப் பிரிவு.
இரவு இரண்டு நாற்பது.
லிஸ்பனிலிருந்து ஆய்வுப் படிவம்:
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடவும்.

மாறும் சூழலுக்கேற்ப மாறிக்கொள்கிறீர்களா?
ஐந்து.
நான்கு நிமிடத்தில் சாப்பிடப் பழகிவிட்டேன்.
தலையசைத்துக்கொண்டே
கார் தவணையைக் கணக்கிடப் பழகிவிட்டேன்.
ஏழு டாக்டர்களில் மூவர் போனபின்
நால்வர் ஏழுபேராக இருக்கப் பழகிவிட்டோம்.
போன மாதம் ஒரு தாய் அழுதாள்.
காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நோக்கிக்
கை தானாகப் போனது.
நான் போகவில்லை.

சோர்வு?
வட்டம் போடவே சோர்வு
என்றெழுத இடமில்லை.

பதினேழு: பணியில் நிறைவு உண்டா?

சிலேட்டுக் குவாரி அதெரித்து,
ஏழு வாரமாய் வாய் திறக்காதவர்,
இன்று மாலை கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்:
"சூப் ஆறிப்போச்சு, லியோகாடியா."
டாக்டர் என்றுகூட இல்லை.
ஆறித்தான் போயிருந்தது.
சூடாக்கிக் கொடுத்துவிட்டு
படுக்கைவிரிப்பு அறைக்குள் போய்க்
கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்,
மூக்கு ஒழுக ஒழுக.

இதற்கு எத்தனை போடுவது?

தொலைபேசி.
அவசரப் பிரிவில் ஒரு பையனாம்,
உறைபனியில் வெறுங்காலோடு வந்திருக்கிறான்.

படிவத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன்.
அங்கே ஏற்கெனவே
ஒரு ராஜினாமாக் கடிதம்,
தேதி போடாமல்.