உறைபெட்டி

அம்மா இறந்த அன்று
சைபருக்குக் கீழே முப்பத்தெட்டு.
மே மாதம் பார்க்கலாம் என்றார்
குழி தோண்டும் ஆர்னி, தொப்பியைக் கழற்றாமலே.
வின்னிபெக் ஏரி இறுகி
அதன் முதுகில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

உறைபெட்டியில் மட்டும் இருந்தாள்.
பொட்டலத்துக்குப் பொட்டலம் அவள் கையெழுத்து:
ஏரிமீன், நவம்பர், முள் இருக்கிறது.
கோழி, பழசு, நாய்க்கு.
ரொட்டி. பியோர்ன் தொடக்கூடாது.
பியோர்ன் நான்தான். வயது ஐம்பத்தாறு.

ஞாயிறுதோறும் ஒன்றைப் பிரித்தோம்.
இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்,
பனிப்புயலில் ஒரு பிள்ளையையும் தவறவிடாதவள்,
பக்கத்து வீட்டுத் தோராவோடு
ஒன்பது வருடம் பேசாதிருந்தவள்
(கேக்கில் ஏலக்காய் எதற்கு என்று கேட்டுவிட்டாளாம்)
கொஞ்சம் கொஞ்சமாய்த் தீர்ந்தாள்.

ஏப்ரலில் மிச்சம் ஒன்றே ஒன்று.
ஏழடுக்குக் கேக், கிறிஸ்துமஸுக்கு.
எந்தக் கிறிஸ்துமஸ் என்று எழுதவில்லை.
என் மகள் ஸ்டெய்னா
பெட்டி மூடியின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.
"பாட்டியைத் தின்னாதீங்க."
பதினேழு வயதுப் பெண்.
யாரும் சிரிக்கவில்லை.

மே ஒன்பது. மண் இளகியது.
அவளை இறக்கிவிட்டு வந்து
கல்லறை வேலிக்கு வெளியே
கார் பானட்டின்மேல் வைத்துக் கேக்கை வெட்டினோம்.
கத்தியை ஸ்டெய்னாதான் பிடித்தாள்.

தோரா வந்திருந்தாள். நாங்கள் அழைக்கவில்லை.
ஒரு துண்டை வாங்கி
வெகுநேரம் மென்றாள்.
"அதிகம்," என்றாள். "ஏலக்காய் அதிகம்தான்."
மூக்கைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள்.