ஒரு கட்டைக்கு நாலு தவறு

ஜக்கூர் தாண்டி இரண்டு பஸ் மாறி
ஞாயிறுதோறும் வருகிறேன்.
குதிரை ஏறியதில்லை.
கிட்டப் போய்த் தொட்டதும் இல்லை.
டிக்கெட் கிடையாது என்பது ஒரு காரணம்.
இன்னொன்றை யாரும் இதுவரை கேட்கவில்லை.

தூங்குமூஞ்சி மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள்.
முன்வரிசை அப்பா அம்மாக்களுக்கு.
அவர்களில் ஒருவரும் உட்காருவதில்லை.

போட்டிக்கு முன்னால்
பூட்ஸ் போட்ட பிள்ளைகள் மணலில் நடந்து
தடைக்கும் தடைக்கும் நடுவே காலடி எண்ணுகிறார்கள்.
தங்கள் நாலு எட்டு, குதிரைக்கு ஓர் எட்டு.
உதடு மட்டும் அசைகிறது.
குதிரைகளிடம் இந்தக் கணக்கை
யாரும் காட்டுவதில்லை.

இன்றைய உயரம் தொண்ணூறு சென்டிமீட்டர்.
என் சமையல் மேடையும் அவ்வளவுதான்.
போன வாரம் டேப் வைத்து அளந்தேன்,
ரசம் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல்.

ஒலிபெருக்கி கரகரத்தது:
அடுத்து தேச்சம்மா, குதிரை கடம்பா.
ரேஸில் ஏழு முறை ஓடி
ஏழு முறையும் கடைசியாம் கடம்பா.
பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்,
தன் மருமகனைப் பற்றிச் சொல்வதுபோல.

முதல் தடை. இரண்டாவது.
தரையை விட்ட அந்த நொடியில்
குளம்போசை நின்றுபோகிறது.
அதற்காகத்தான் வருகிறேன் என்று
வெகுநாள் நினைத்திருந்தேன்.

மூன்றாவதில் பின்னங்கால் உரசிற்று.

சொல்லிவிடுகிறேன்.
கட்டை விழும் சத்தத்துக்காக வருகிறேன்.
சிவப்பும் வெள்ளையும் அடித்த மரம்
மணலில், டொம்.
கூட்டம் மொத்தமாக ‘ச்சு’ கொட்டும்.
நானும் கொட்டுவேன். உள்ளே எதுவோ
கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

பலகையில் நாலு என்று எழுதினார்கள்.
ஒரு கட்டைக்கு ஏன் நாலு தவறு,
தெரியவில்லை.

அந்தக் கட்டையை ஆணி அடித்து வைப்பதில்லை.
ஆழமில்லாத கிண்ணத்தில் சும்மா கிடக்கிறது,
பட்டதும் விழ,
குதிரையின் கால் பிழைக்க.
இது புரிய எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.
பேங்கில், கோர்ட்டில், அண்ணன் வீட்டு வாசலில்
நான் இடித்துக்கொண்ட எதுவும்
இப்படிக் கழன்று கொடுத்ததில்லை.

ஐந்தாவதில் கடம்பா நின்றுவிட்டது.
தடையைப் பார்த்து அல்ல,
வேலியோரம் பறந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்து.
தேச்சம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.
சுற்றி வந்தாள். மறுபடியும் நின்றது.
நீளமாக மணி.
வெளியே வந்தவளிடம் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்ட,
குதிரை அதை முகர்ந்து பார்த்தது.

யல்லப்பா இதையெல்லாம் கவனிப்பதே இல்லை.
விழுந்த கட்டையைத் தோளில் ஏந்திக்
கிண்ணத்தில் வைத்து, அளந்து,
அரை விரல் நகர்த்தி,
ஓடிப்போய் ஓரத்தில் குந்திக்கொள்கிறார்,
அது அடுத்து எப்போது விழும் என்றுகூடப்
பார்க்காமல்.

திரும்பும்போது பஸ் படியில்
வலிக்காத காலை முன்னால் வைத்தேன்.
கடம்பா எந்தக் காலை முதலில் தூக்கியது?
பார்க்கத் தவறிவிட்டேன்.