பொதுச்சுவர்

செவ்வாய்க்கிழமை இங்கே வண்டி நிறுத்தக் கூடாது. சந்தை.
மற்ற நாட்களில் முப்பத்தொரு கார்கள்,
ஒரு கட்டண இயந்திரம், அதன் தலையில் ஒரு புறா.
பதினேழாம் கட்டத்து நீல வண்டிக்குத் தெரியாது
தன் முன்சக்கரம்
பீடத்தின் மேல் நிற்பது.

நான் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவு.
குழாய் வெடித்தால் தோண்டுவேன், மூடுவேன்.
தோண்டுமுன் பழைய வரைபடம் பார்க்க வேண்டும் என்பது விதி.
பார்த்ததில் மாட்டிக்கொண்டேன்.

அழகான கோயில் இல்லை அது,
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
ஆற்றுக்கு மிக அருகில் கட்டிவிட்டார்கள்.
பிப்ரவரி தோறும் தண்ணீர் பூசைக்கு வந்தது
சொல்லாமல் கொள்ளாமல், நேரே முன்வரிசைக்கு.
புனித ஓபில் யாரென்று ஆயருக்கே தெரியாது.
தோல் பதனிடுகிறவர்களின் பங்கு;
மேட்டுத்தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள்.
சாம்பிராணி அந்த நாற்றத்தோடு
முந்நூறு வருஷம் மல்லுக்கட்டித் தோற்றது.

1688. பங்குச் சாமியார் மெதார் பிரெலோவின் கடிதம்:
"கூரை ஒழுகுகிறது. நாய்கள் வருகின்றன.
மணி விரிசல் விட்டு, சளி பிடித்த கிழவனைப் போல் இருமுகிறது.
மற்றபடி எல்லாரும் நலம்."
பதில் வந்ததற்குக் காகிதம் இல்லை.

நூறு வருஷம் கழித்துப் புரட்சி.
ஊரில் ஏழு கோயில், இரண்டு போதும் என்றார்கள்.
கணக்கு சரிதான்.
திரி ஏற்றி ஏலம் விட்டார்கள்,
மூன்றாவது திரி அணைந்தபோது
நாலாயிரத்து அறுநூறு லிவ்ர்.
எடுத்தவர் லெயோனார் தபுரே, சுண்ணாம்பு வியாபாரி.
கடவுளை வெறுத்தவர் இல்லை;
கல்லை நேசித்தவர்,
வண்டி ஒன்றுக்கு இன்ன விலை என்று.

மணி பீரங்கியானது என்பார்கள் ஊரில்.
பட்டியலில் 'சில்லறைக் காசு' என்றுதான் இருக்கிறது.
ஆக அந்த இருமல்
சட்டைப்பைகளுக்குள் போயிற்று,
ரொட்டி வாங்கிற்று, சீட்டாட்டத்தில் தோற்றது.
தூண்கள் தோல்தொட்டிகளுக்குக் கரை.
சன்னல் கற்கள் பன்றிக்கொட்டில்.
ஞானஸ்நானத் தொட்டியில்
நாற்பது வருஷம் வாத்துகள் குளித்தன.

வடக்குச் சுவரில் கடப்பாரை விழுந்த மூன்றாம் நாள்
ஸ்கொலாஸ்தீக் விஷார் விழித்தபோது
கட்டிலுக்கு மேல் ஒரு விரிசல்,
அதன் வழியே வானம்.
கையுறை தைக்கும் விதவை.
அவள் வீட்டுக்குத் தெற்குச் சுவர் என்று ஒன்று இருந்ததே இல்லை,
கோயிலின் மேல் சாய்ந்தே வளர்ந்த வீடு.
வழக்குப் போட்டாள்.
பூசைக்குப் போகாதவள் என்று ஒருவன் சாட்சி சொன்னான்.
"நான் சாமியைக் கேட்கவில்லை, சுவரைக் கேட்கிறேன்"
என்றாளாம்.
எழுத்தர் அப்படியே எழுதிவிட்டு அடித்திருக்கிறார்.
அடித்ததன் அடியில் இன்னும் படிக்க முடிகிறது.

தீர்ப்பு:
பதினொரு அடி நீளம், அவள் கூரை உயரம் மட்டும்
நிற்கட்டும்.

நிற்கிறது.

அந்த வீட்டில் இப்போது சொலீன் முடி வெட்டுகிறாள்.
பின்னறையில் எப்போதும் ஈரம், எந்தப் பூச்சும் உரிகிறது
என்று புகார் கொடுத்திருந்தாள்.
ஈரமானியோடு போனேன்.
ஷாம்பூ புட்டிகள் அடுக்கிய பலகைக்குப் பின்னால்
பாதி வளைவு.
மீதிப் பாதியைக் காற்றே முடித்துக்கொள்ள விட்டிருந்தார்கள்.
அதன் அடியில் ஒரு கல்முகம்,
மூக்கு இல்லை, நாக்கை மட்டும் நீட்டிக்கொண்டு.

எங்கள் குழாய்க் கசிவு அல்ல.
ஆறுதான். இன்னும் வருகிறது.

"இதை இடிக்கலாமா?" என்றாள்.
பொதுச்சுவர் என்றால் பக்கத்தாரின் சம்மதம் வேண்டும் என்றேன்,
விதி அப்படி.
"அந்தப் பக்கம்தான் யாருமே இல்லையே."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நான் கருவியைப் பெட்டிக்குள் வைக்கும்போது
மழை தூற ஆரம்பித்திருந்தது.
ஈரநாட்களில், கடை மூடுமுன்,
தலையுலர்த்தியை எடுத்து
சுவருக்கு ஐந்து நிமிடம் காட்டுவாளாம்.
பயனில்லை என்று தெரியும் என்றாள்,
சுவிட்சைத் தேடிக்கொண்டே.